அவங்க நாற்காலி எங்கேங்க?

(பட்டிமன்றத் தலைப்பு: "கத்தோலிக்கத் திருச்சபையின் வளாகங்களில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு நியாயம் கிடைப்பது பெரிதும் சட்டத்தின் கண்டிப்பாலா? சபையில் கிடைக்கும் இடத்தாலா?" — 'சபையில் கிடைக்கும் இடத்தாலே' அணியின் இரண்டாவது பேச்சு)



எனக்கு முன்னால் பேசிய வக்கீல் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "நாற்காலி போட்டு உட்கார வச்சா நியாயம் கிடைச்சிடுமா? கல்யாண வீட்டுல கூடத்தான் நாற்காலி போடறான், சாப்பாடு கிடைக்குதா?"ன்னார். நீங்களும் கை தட்டினீங்க. நானும்தான் தட்டினேன். நல்ல கேள்வி. ஆனா தம்பி, பந்தியிலே இடம் பிடிச்சவனுக்குச் சோறு தாமதமா வரலாம். வாசல்லயே நிறுத்தப்பட்டவனுக்கு? அவனுக்குச் சோறு தீர்ந்து போன சேதிகூட வராதே! (கைதட்டல்)

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன் நடுவர் ஐயா. நான் எந்த மதத்தையும் குறை சொல்ல இங்கே வரல. நான் சொல்லப் போற கதைகள்ல வர்ற பிள்ளைகள் எல்லாரும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் தூங்கின பிள்ளைகள். புகார் சொன்ன பெரியவங்கள்ல நிறையப் பேர் இன்னிக்கும் கோயிலுக்குப் போறவங்க. வீட்டிலே குழந்தைகளோடு உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருப்பீங்க. அதனாலே சொல்ல வேண்டியதைச் சொல்லுவேன். சொல்லக் கூடாததை உங்க மனசுக்கு விட்டுடறேன்.

நான் யாருங்கறதைச் சொன்னாத்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும். காது கேளாத பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்திலே 26 வருஷமா டீச்சரா இருக்கேன். எங்க பிள்ளைகள் யார் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டாங்க. ஆளைப் பார்த்ததும் ஒரு சைகைப் பெயர் வச்சிடுவாங்க. எனக்கு என்ன பெயர் தெரியுமா? (மூக்குக் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிக் காட்டுகிறார்.) இதான் நான். எங்க தலைமையாசிரியருக்கு வச்ச பெயரை மேடையிலே செஞ்சு காட்ட முடியாது. எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கு. (பலத்த சிரிப்பு)

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். எனக்குச் சைகை மொழி அரைகுறை. ஒன்பது வயசுப் பையன் ஒருத்தன் தினம் காலையிலே என் மேஜைகிட்ட வருவான். மீசையை முறுக்கிக் காட்டுவான். அப்புறம் வயித்தைத் தொட்டுக் காட்டுவான். நான் என்ன நினைச்சேன்? பையன் கட்டபொம்மன் வேஷம் போடறான்னு நினைச்சேன். நானும் சிரிச்சிக்கிட்டே பதிலுக்கு மீசையை முறுக்கிக் காட்டினேன். இப்படியே பதினைஞ்சு நாள். அப்புறம் எட்டாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணு வந்து என் கையைப் பிடிச்சு நிறுத்திச் சொல்லிச்சு. மீசைங்கறது விடுதி இரவுக் காவல்காரருடைய பெயர். பிள்ளைகளுடைய ராச்சாப்பாட்டைப் பிடுங்கி வச்சுக்கிட்டு, கேட்டா அடிச்சிருக்கார் அந்த மனுஷன்.

அவரை வெளியே அனுப்பிட்டாங்க. சட்டப்படி செய்ய வேண்டியதைச் செஞ்சாங்க. ஆனா அந்தப் பதினைஞ்சு நாள்? அந்தப் பிள்ளை பதினைஞ்சு நாள் புகார் கொடுத்திருக்கான் ஐயா, சட்டப்படி ஒரு பொறுப்புள்ள ஆசிரியைகிட்ட! நான் சிரிச்சிருக்கேன்.

(அரங்கில் அமைதி)

இப்ப அமெரிக்காவுக்கு வாங்க. விஸ்கான்ஸின் மாநிலம், மில்வாக்கி நகரத்துக்குப் பக்கத்திலே செயின்ட் ஜான்ஸ் காது கேளாதோர் பள்ளி. கத்தோலிக்கப் பள்ளி, உறைவிடப் பள்ளி. அங்கே லாரன்ஸ் மர்ஃபின்னு ஒரு பாதிரியார், 1950-லிருந்து 1974 வரை. அவருக்குக் காது கேட்கும். சைகை மொழி சரளமா வரும். பிள்ளைகளுடைய அப்பா அம்மாவிலே பல பேருக்குச் சைகை மொழியே தெரியாது. பாருங்க, பெத்தவங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவிலே பேச்சை எடுத்துக்கிட்டுப் போறவரே அவர்தான். அப்ப அவரைப் பத்தி அந்தப் பிள்ளை யார்கிட்டே, எப்படிச் சொல்லும்? 200 பிள்ளைகள் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம்னு பின்னாலே வெளியான ஆவணங்களும் செய்திகளும் சொல்லுது.

அந்தப் பிள்ளைகள் பேசாம இருந்தாங்கன்னு நினைக்காதீங்க. வளர்ந்து வாலிபர்களானதும் போலீசுக்குப் போனாங்க. அரசு வக்கீல்கிட்டே போனாங்க. பேராயரைப் பார்த்தாங்க. 1974-லே துண்டுப் பிரசுரம் அச்சடிச்சு, மில்வாக்கி கதீட்ரல் வாசல்லே நின்னு வந்தவங்க கையிலே கொடுத்தாங்க. வாயில்லாதவங்க காகிதத்தாலே கத்தினாங்க ஐயா!

என்ன நடந்தது? அந்தப் பாதிரியாரைச் சத்தமில்லாம அதே மாநிலத்திலே வடக்கே இன்னொரு மறைமாவட்டத்துக்கு அனுப்பி வச்சாங்க. அங்கே இன்னும் 24 வருஷம் இருந்தார். 1996-லே மில்வாக்கிப் பேராயர் ரோமாபுரிக்கு எழுதினார், ஒருதரம் இல்லை, ரெண்டுதரம். எழுதினது கர்தினால் ராட்சிங்கருடைய அலுவலகத்துக்கு. பின்னாலே போப் பதினாறாம் பெனடிக்டா ஆனாரே, அவர்தான். திருச்சபை நீதிமன்ற விசாரணை ஆரம்பிச்சது. "எனக்கு உடம்பு சரியில்லை, நான் மனம் வருந்திட்டேன், காலக்கெடுவும் தாண்டிருச்சு"ன்னு மர்ஃபி ஒரு கடிதம் போட்டார். விசாரணை நின்னு போச்சு. 1998 ஆகஸ்ட்லே இறந்துட்டார், பாதிரியாராகவே. 2010 மார்ச்லே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அந்தக் கடிதங்களை எல்லாம் வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்கே தெரிஞ்சது.

வக்கீல் தம்பி, இப்ப நான் கேக்கறேன். 1974-லே விஸ்கான்ஸின்லே சட்டம் இல்லையா? போலீஸ் இல்லையா? கோர்ட்டு பூட்டியா கிடந்தது? எல்லாம் இருந்ததே! மர்ஃபி எழுதின ஒரு கடிதத்துக்கு அத்தனை மரியாதை. அந்தப் பையன்கள் அச்சடிச்ச காகிதத்துக்கு ஏன் இல்லை? அவர் உள்ளே உட்கார்ந்திருந்தவர். இவங்க வாசல்லே நின்னவங்க. (கைதட்டல்)

இதுக்கு எதிரணியிலே பதில் தயாரா வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். "அம்மா, அது அந்தக் காலம். அர்ஜென்டினாவிலே 2019-லே 42 வருஷம், 45 வருஷம்னு தண்டனை கொடுத்தாங்களே, அது சட்டம் இல்லையா?"ன்னு தம்பி கேட்டார். கேக்கட்டும். அந்தக் கதையைப் பாதியிலேருந்து சொன்னார். நான் ஆரம்பத்திலேருந்து சொல்றேன்.

இத்தாலியிலே வெரோனா நகரத்திலே புரோவோலோ நிறுவனம்னு காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பழைய பள்ளி. அதுக்கு அர்ஜென்டினாவிலும் கிளை உண்டு. இந்தப் பள்ளிகள்லே சைகை மொழி கூடாது. உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கணும், வாயாலே பேசப் பழகணும். இது அவங்க மட்டும் கண்டுபிடிச்ச முறை இல்லைங்க. 1880-லே இத்தாலியிலேயே, மிலான் நகரத்திலே காது கேளாதோர் கல்விக்குன்னு ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. பள்ளியிலே சைகை மொழி வேண்டாம், பேச்சு முறைதான் உசத்தின்னு தீர்மானம் போட்டாங்க. ஓட்டுப் போட்டவங்க அநேகமா எல்லாரும் காது கேக்கிறவங்க! அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்க 130 வருஷம் ஆச்சு. 2010-லே வான்கூவர் நகரத்திலே நடந்த மாநாட்டிலேதான் தெரிவிச்சாங்க. யாரைப் பத்திப் பேசறமோ அவங்களை வெளியே நிறுத்திட்டு ஒரு தீர்மானம் போட்டா, அது சரியாக ஒரு நூற்றாண்டு போதாதுங்க. கையைக் கட்டிப் போட்ட இடத்திலே ஒரு குழந்தை தனக்கு நடந்ததை எதாலே சொல்லும்?

2009-லே வெரோனாவின் பழைய மாணவர்கள் 67 பேர் ஒண்ணா சேர்ந்து வெளியே வந்து சொன்னாங்க. பல பேர் வயசானவங்க. இத்தாலியச் சட்டப்படி காலக்கெடு தாண்டிப் போச்சு. சட்டம் அங்கேயே கதவைச் சாத்திடுச்சு தம்பி, குறிச்சுக்குங்க! ஆனா அவங்க விடலை. 2014-லே அப்போதைய போப்பாண்டவர் பிரான்சிஸுக்கே எழுதினாங்க. அந்தக் கடிதத்திலே நிக்கோலா கொராதிங்கற பாதிரியார் பெயர் இருந்தது. அவர் இப்ப அர்ஜென்டினாவிலே இருக்கார்ங்கறதும் இருந்தது. 2015-லே அவங்கள்லே ஒருத்தர் நேரிலேயே கடிதத்தைக் கையிலே கொடுத்தார். 2016 பிப்ரவரியிலே வத்திக்கான்லேருந்து பதில் வந்தது. உங்க கோரிக்கையை இத்தாலிய ஆயர்கள் பேரவைக்கு அனுப்பிட்டோம்னு பதில். நம்ம தாலுகா ஆபீஸ்லே வருமே, "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது"ன்னு, அந்த மாதிரி. (சிரிப்பு)

சிரிக்கறீங்க. ஆனா அதே 2016 நவம்பர்லே அர்ஜென்டினாவின் மென்டோசா மாகாணத்திலே போலீஸ் போய் அதே கொராதியைக் கைது பண்ணிச்சு. புகார் கொடுத்தது அங்கே படிச்ச காது கேளாத பிள்ளைகள். வெரோனாக்காரங்க எழுதின எழுத்தை ஒருத்தர் உக்காந்து படிச்சிருந்தா, மென்டோசாவிலே சில பிள்ளைகளாவது தப்பிச்சிருக்குமே ஐயா!

2019 நவம்பர் 25. கொராதிக்கு 42 வருஷம், ஹோராசியோ கொர்பாச்சோங்கற இன்னொரு பாதிரியாருக்கு 45 வருஷம், தோட்டக்காரருக்கு 18 வருஷம். சட்டம் கொடுத்த தண்டனைதான், நான் மறுக்கலை. ஆனா அந்தக் கோர்ட்டிலே என்ன வித்தியாசம்? சைகை மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தாங்க. பள்ளிக்கூடத்திலே எந்தக் கையைக் கட்டினாங்களோ, அந்தக் கையே கோர்ட்டிலே சாட்சி சொல்லிச்சு. மில்வாக்கியிலே இருந்த சட்டத்துக்கும் மென்டோசாவிலே இருந்த சட்டத்துக்கும் நடுவிலே இருக்கிற தூரம் அந்த மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்த நாற்காலி, அவ்வளவுதான்.

தீர்ப்பு வந்ததும் வாசல்லே நின்ன இளைஞர்கள் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினாங்க. அதுதான் காது கேளாதவங்களுடைய கைதட்டல். இப்படி, கையை உயர்த்தி, மணிக்கட்டை இப்படித் திருப்பணும். எங்க ஆண்டு விழாவிலே பார்த்தீங்கன்னா, ஒரு சத்தம் இருக்காது, ஆனா அரங்கமே ஆடும். எங்கே, ஒருதரம் நீங்களும் செய்யுங்க பார்ப்போம். (அரங்கில் எல்லோரும் கைகளை உயர்த்தி அசைக்கிறார்கள். நடுவரும் உயர்த்துகிறார்.) நடுவர் ஐயா, நன்றி. தீர்ப்பும் இப்படியே எங்க பக்கம் உயரட்டும். (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்தது காசு விஷயம். எதிரணித் தலைவர் "நஷ்டஈடு வாங்கிக் கொடுக்கிறது சட்டம்தானே?"ன்னார். சரி. அமெரிக்காவிலே மிசிசிப்பி மாநிலம். அங்கே ஜாக்ஸன் மறைமாவட்டத்திலே 2006-லே 19 பேருக்குச் சேர்த்து 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடிச்சாங்க. சராசரி ஆளுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேலே. அந்த 19 பேரிலே 17 பேர் வெள்ளைக்காரங்க. அதே மாநிலத்திலே கிரீன்வுட்னு ஒரு ஊர். பருத்தி விளையற ஊர். அங்கே கறுப்பின ஏழைப் பிள்ளைகளுக்காக நடந்த ஒரு பள்ளி. பிரான்சிஸ்கன் சபைத் துறவிகளால் பாதிக்கப்பட்டோம்னு அங்கே படிச்ச உறவுக்காரங்க சொன்னாங்க. அவங்களுக்குக் கொடுத்தது ஆளுக்கு 15,000 டாலர். அதிலே ஒருத்தர் கையெழுத்துப் போட்ட இடம் எது தெரியுமா? ஒரு பலகார ஓட்டல். பக்கத்திலே வக்கீல் கிடையாது. வெளியிலே பேசக் கூடாதுன்னு நிபந்தனை வேறே. 2019-லே ஒரு செய்தி நிறுவனம் எழுதித்தான் இது தெரிய வந்தது.

சட்டம் ஒண்ணுதான் ஐயா. தாளும் ஒண்ணுதான், பேனாவும் ஒண்ணுதான். ஒருத்தனுக்கு வக்கீல் ஆபீஸ், ஒருத்தனுக்கு ஓட்டல் மேஜை. கடைக்காரன் தராசு ஒண்ணை வச்சுக்கிட்டே ஆளைப் பார்த்து எடை போடற மாதிரி! (கைதட்டல்)

கனடாவுக்குப் போவோம். அங்கே ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பெத்தவங்ககிட்டேருந்து பிரிச்சு உறைவிடப் பள்ளிகள்லே வச்சாங்க. நூறு வருஷத்துக்கும் மேலே நடந்தது இது. ஒன்றரை லட்சம் பிள்ளைகள் அந்தப் பள்ளிகளைக் கடந்திருக்காங்க. பள்ளிகளை அமைச்சது அரசாங்கம். நடத்தினது கிறிஸ்தவ சபைகள். அதிலே பாதிக்கு மேலே கத்தோலிக்க அமைப்புகள் கையிலே. தாய்மொழி பேசினா அடி. முடியை வெட்டினாங்க. பெயருக்குப் பதிலா எண். பட்டினி. சில இடங்கள்லே மற்ற கொடுமையும். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை.

அந்த மக்கள் வழக்கு மேலே வழக்காப் போட்டு 2006-லே ஒரு பெரிய ஒப்பந்தம் வந்தது. வழக்கு போட்டதைச் சட்டம்னு தம்பி சொல்லிக்கலாம், நான் கொடுத்துடறேன். ஆனா அந்த ஒப்பந்தத்திலே அவங்க என்ன கேட்டு வாங்கினாங்கங்கறதைப் பாருங்க. தனித்தனியா வந்து சொல்லறதுக்குன்னு ஒரு விசாரணை முறை. அங்கே எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணை பண்ண முடியாது. கேள்வியைக் கேட்கிறது தீர்ப்புச் சொல்றவர் மட்டும். கூட ஒரு பெரியவரை, சமூகத்து மூத்தவரை, அழைச்சுக்கிட்டு வரலாம். அவங்க வழக்கப்படி கழுகு இறகைக் கையிலே பிடிச்சுக்கிட்டு உண்மை பேசலாம். 38,000 பேருக்கு மேலே விண்ணப்பிச்சாங்க. அப்படிச் சொன்னதை எழுதி வச்ச காகிதங்கள் யாருக்குச் சொந்தம்னு ஒரு தகராறு வந்தது. 2017-லே கனடா உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு: 15 வருஷம் வச்சிருங்க, சொன்னவங்க விரும்பினாப் பாதுகாப்போம், இல்லேன்னா அழிச்சிடுங்கன்னு. தன் கதை தன்னுதுங்கற உரிமை!

இன்னொரு பக்கம் உண்மை அறியும் ஆணையம். 2008-லிருந்து 2015 வரை. தலைவர் மரி சின்கிளேர், அவரே ஆதிக்குடியைச் சேர்ந்த நீதிபதி. 2024-லே காலமானார். ஊர் ஊராகப் போய் 6,500 பேருக்கு மேலே வாக்குமூலம் கேட்டாங்க. அங்கே ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க, அது என் மனசை விட்டுப் போகலை. சாட்சி சொல்றவங்க அழுதா, கண்ணைத் துடைச்ச காகிதத்தைக் குப்பையிலே போட மாட்டாங்க. கூடையிலே சேர்த்து, அவங்க புனிதமா மதிக்கிற நெருப்பிலே இடுவாங்க. ஒரு சட்டப் புத்தகத்திலே இது இருக்குமா தம்பி? அந்த மக்களை நடுவிலே உட்கார வச்சு, "எப்படி நடத்தணும், நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டதாலே வந்தது.

நடுவர்: அம்மா, உங்க பேச்சிலே எதிரணிக்கும் ரெண்டு மார்க் போகுது போலிருக்கே? ஒப்பந்தமும் சட்டம்தானே?

போகட்டும் ஐயா, ஏழைங்க, வச்சுக்கட்டும். (சிரிப்பு) அந்த ஒப்பந்தத்தின் இன்னொரு பக்கத்தையும் நானே சொல்லிடறேன். கத்தோலிக்க அமைப்புகள் இரண்டரைக் கோடி டாலர் திரட்டித் தர முயற்சி செய்றோம்னு கையெழுத்துப் போட்டாங்க. 'முயற்சி'ங்கற வார்த்தையைக் கவனிங்க. கடைசியிலே திரண்டது 40 லட்சத்துக்கும் குறைவு! 2015-லே கோர்ட்டு, முயற்சி பண்ணியாச்சு, போகலாம்னு விட்டுடுச்சு. சட்டப்படி சரி. கல்யாண வீட்டிலே "முடிஞ்சா மொய் வைக்கிறேன்"னு சொன்ன பெரியப்பாவை எந்தக் கோர்ட்டு பிடிக்கும்? அப்புறம் 2021-லே, அந்தப் பள்ளிகள் இருந்த இடங்கள்லே புதைகுழிகள் இருக்கலாம்னு தேடல் நடந்து, மக்கள் கொதிச்சு எழுந்த பிறகுதான், ஆயர்கள் மூணு கோடி டாலர் தர்றோம்னு வாக்குக் கொடுத்தாங்க. கோர்ட்டு விட்ட இடத்திலே மக்கள் பிடிச்சாங்க.

மன்னிப்பும் அப்படித்தான். போப்பாண்டவர் கனடாவுக்கே வந்து மன்னிப்புக் கேக்கணும், ஒரு வருஷத்துக்குள்ளேன்னு ஆணையம் 2015-லே கேட்டது. அயர்லாந்து மக்களுக்கு 2010-லே போப் எழுதினாரே, எங்களுக்கும் அது போல வேணும்னு. நடந்தது 2022-லே. முதல்லே மார்ச் கடைசியிலே ஆதிக்குடிப் பிரதிநிதிகள் ரோமுக்குப் போய் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினாங்க. ஏப்ரல் 1-ந் தேதி பிரான்சிஸ் வருத்தம் சொன்னார். ஜூலை 25-லே ஆல்பர்ட்டாவிலே மாஸ்க்வாசிஸ்ங்கற ஊருக்கே, அந்தப் பள்ளி இருந்த மண்ணுக்கே, சக்கர நாற்காலியிலே போய் மன்னிப்புக் கேட்டார். பெரியவர், உடம்பு முடியாதவர். 2025-லே காலமாயிட்டார். அவரைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு அந்த மக்கள் ஒண்ணைக் கவனிச்சாங்க. பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைங்கற வார்த்தை அந்தப் பேச்சிலே இல்லை. "எங்களுக்கு நடந்ததுக்கு ஒரு பெயர் இருக்கு, அதைச் சொல்லலியே"ன்னு குரல் எழுந்தது. மூணு நாள் கழிச்சு, ஜூலை 28-லே, கியூபெக் பேராலயத்திலே அந்த வார்த்தையைச் சொன்னார். எல்லாரையும் எட்ட உட்கார வச்சிருந்தா, அந்த வார்த்தை இல்லாததை யார் கண்டுபிடிச்சிருப்பாங்க?

அலாஸ்காவைச் சுருக்கமாச் சொல்றேன், நடுவர் ஐயா மணியைத் தொடறார். வட துருவத்துப் பக்கம். ஃபேர்பாங்ஸ் மறைமாவட்டம் ஒண்ணே நம்ம தமிழ்நாட்டைப் போல எட்டு மடங்கு. பல கிராமங்களுக்குச் சாலை கிடையாது, சின்ன விமானம்தான். அங்கே வெளியிலேருந்து வர்ற பெரிய மனுஷர் பாதிரியார்தான். யார்கிட்டே போய்ச் சொல்ல? 2007-லே இயேசு சபையினர் 110 ஆதிக்குடி மக்களுக்கு 5 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. மறைமாவட்டத்தோடு முடிஞ்ச உடன்பாட்டிலே அந்த மக்கள் காசோடு இன்னொண்ணும் கேட்டாங்க. ஆயர் எங்க ஊருக்கு வரணும், எங்க முன்னாலே நின்னு மன்னிப்புக் கேக்கணும்னு. ஆயர் போனார் ஐயா. பனியிலே, கிராமம் கிராமமாப் போனார். அங்கே சபைங்கறது ரோமாபுரியிலே இல்லை. அந்தச் சின்னக் கூடத்திலே, ஐம்பது வருஷமா வாயைத் திறக்காத கிழவர் உட்கார்ந்த பெஞ்சிலே இருந்தது.

ஆஸ்திரேலியாவிலே 2013-லிருந்து 2017 வரை ராயல் கமிஷன் ஒண்ணு நடந்தது. 8,000 பேருக்கு மேலே தனித்தனியா உட்கார்ந்து கேட்டாங்க. ஜெயிலுக்குள்ளேயும் போய்க் கேட்டாங்க. சின்ன வயசிலே சிதைஞ்ச பிள்ளை பெரியவனாகி எங்கே போய்ச் சேர்ந்திருப்பான்னு யோசிச்ச புண்ணியவான் யாரோ, அவங்களுக்கு ஒரு கும்பிடு.

கடைசியா, என் பக்கத்து ஓட்டையையும் நானே காட்டறேன். இல்லேன்னா தம்பி காட்டிடுவார். (சிரிப்பு) 2014-லே வத்திக்கான்லே சிறுவர் பாதுகாப்புக்குன்னு ஒரு குழு அமைச்சாங்க. அதிலே சின்ன வயசிலே பாதிக்கப்பட்ட மேரி காலின்ஸ்ங்கற அயர்லாந்துப் பெண்மணியையும் உறுப்பினராப் போட்டாங்க. நாற்காலி போட்டாச்சு! 2017-லே அந்த அம்மா எழுந்து வெளியே வந்துட்டாங்க. ஏன்? பாதிக்கப்பட்டவங்க எழுதற ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போடுங்கன்னு குழு கேட்டது. அதைக்கூட வத்திக்கான் அலுவலகம் ஒண்ணு செய்ய மாட்டேன்னுடுச்சு. அதனாலே வெறும் நாற்காலி போதும்னு நான் சொல்ல வரலை. உட்கார்ந்தவங்க பேச்சுக்கு எடை இருக்கணும். ஆனா ஒண்ணு பாருங்க, அவங்க உள்ளே உட்கார்ந்திருந்ததாலேதான் கடிதம் பதில் இல்லாமக் கிடக்குதுங்கறதே நமக்குத் தெரிஞ்சது.

நடுவர் ஐயா, மணி அடிச்சிட்டீங்க. ஒரே நிமிஷம்.

கனடாவின் வட கோடியிலே நுனாவுட், இன்யூட் மக்கள் நாடு. அங்கே ஊழியம் பண்ணின ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மேலே சின்ன வயசிலே தங்களுக்குத் தீங்கு பண்ணினார்னு புகார். அவர் 1993-லேயே பிரான்சுக்குப் போயிட்டார். 2022-லே கனடா அவரைக் கேட்டது. தன் குடிமகனைப் பிரான்ஸ் அனுப்பலை. சட்டம் அங்கே நின்னுடுச்சு. அந்த வருஷம் செப்டம்பர்லே இன்யூட் மக்களே கிளம்பி லியோன் நகரத்துக்குப் போனாங்க. பனிநாட்டிலேருந்து, அவ்வளவு தூரம். அவர் தங்கியிருந்த இல்லத்திலே அவர் எதிரே போய் உட்கார்ந்தாங்க. அவர் ஒண்ணும் பண்ணலைன்னு மறுத்தார். 2024-லே வழக்கு எதுவும் நடக்காமலே இறந்தும் போனார். நியாயம் கிடைச்சதான்னு கேட்டா, இல்லை. முழுசாக் கிடைக்கலை. ஆனா அவங்க யாரும் போட்டுக் கொடுக்காத நாற்காலியைத் தாங்களே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க ஐயா.

என் பள்ளிக்கூடத்துப் பையன் இப்ப அச்சகத்திலே வேலை பாக்கறான். போன தீபாவளிக்கு வந்திருந்தான். நான் இன்னமும் அவன்கிட்ட மீசையை முறுக்கிக் காட்டறதில்லை. தீர்ப்பை உங்க கையிலே விட்டுட்டு உட்கார்றேன்.

(அரங்கில் பலர் கைகளை உயர்த்தி அசைக்கிறார்கள்)